சாவிக்கொத்தும் உரைகல்லும்

யமுனையின் கீழ்க்கரையிலுள்ள மயூர் விஹார், தமிழகத்தைவிட்டு வடக்கே வாழும் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. ஒரு காலத்தில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தை நாடித் தலைநகர் வந்து, கரோல் பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் ஒண்டுக் குடித்தனமாகவோ குவார்ட்டர்ஸிலோ காலங்கழித்த குடும்பங்கள் பல, பின்னர்க் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் பங்கு பெற்று இங்கே நிலைகொண்டன. இன்று அவ்வீடுகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மெட்ரோ ரயிலேறி, அடுத்த மாநிலத்தின் எல்லைக்குள் இருக்கும் நொய்டாவின் மென்பொருள் அலுவலகங்களுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். என்ன உத்தியோகம் என்று வினவினால் அவர்களுள் சிலர் 'டெஸ்டிங்' என்று ஒரே சொல்லில் விடை பகர்வர். யாரோ ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் உட்கார்ந்து சோதிப்பதும் ஒரு தொழிலா என்று வீட்டுப் பெரியவர்களுக்கு ஐயம் எழுவது இயல்பே. கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர்களே இவ்வாறு ஐயுறும்போது அதில் சிறிது வேடிக்கையும் உண்டு.

அத்தொழிலின் வரலாற்றில் ஒரு பகுதியை மட்டும் இங்கே ஆராய்வோம். சோதனையை நடத்துவது யார், எந்த இடத்தில், எவ்வளவு அதிகாரத்தோடு என்னும் மூன்று வினாக்களுக்குக் கடந்த அறுபதாண்டுகளில் அளிக்கப்பட்ட விடைகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. அம்மாற்றத்தின் திசை நம் போன்ற சாதாரணப் பயனர்க்கு மிகவும் வேண்டியதொன்று.

முதலில் 'பின்னடைவு' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு மென்பொருள் நேற்றுவரை ஒழுங்காகச் செய்த காரியத்தை, ஏதோ ஒரு திருத்தத்திற்குப் பின் இன்று செய்யத் தவறுமாயின் அதுவே பின்னடைவு. புதிய வசதி இல்லாமை பின்னடைவாகாது. இருந்த வசதி கெடுவதே பின்னடைவு. அடுப்பங்கரைக் குழாயைப் பழுதுபார்க்க வந்தவர் சென்றபின் குளியலறைக் குழாயில் நீர் வராத அனுபவம் அடுக்குமாடிக் குடித்தனக்காரர் யாவர்க்கும் உண்டன்றோ? அமெரிக்க அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், ஒரு பிழையைத் திருத்தும்போது மற்றொரு பிழை உள்ளே நுழைவதற்கு நூற்றில் இருபது முதல் ஐம்பது வரை வாய்ப்பு உண்டு என்று கணித்தார். ஐ.பி.எம். நிறுவனத்தில் மாபெரும் இயக்க முறைமை ஒன்றை உருவாக்கும் பணிக்குத் தலைமை வகித்த அனுபவத்தின்மேல் எழுந்த மதிப்பீடு அது. ஆகவே ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் பழைய சோதனைகள் அனைத்தையும் மீண்டும் நடத்த வேண்டும் என்பது அவர் முடிவு. செலவு கருதி அது முழுமையாக நடைபெறுவதில்லை என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

அடுத்து அதிகாரத்தின் கதை. தொடக்கத்தில் கணிப்பொறி ஒரு நேரத்தில் ஒருவர்க்கே உரியதாயிருந்தது. அவர் வேலை முடிந்தபின் அடுத்தவர். 1961-ஆம் ஆண்டில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ என்பவர், பலர் ஒரே காலத்தில் ஒரே யந்திரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறையை இயக்கிக் காட்டினார். பலர் குடியிருக்கும் கட்டடம் என்று ஆனவுடன் கதவும் பூட்டும் வேண்டியதாயின. ஒருவர் கோப்பு மற்றவர் கையில் படாதவாறு காக்கக் கடவுச்சொல் புகுந்தது. கட்டடத்தைப் பராமரிப்பவர்க்கு எல்லா அறைகளின் சாவியும் வேண்டும் என்பதால், தனி அதிகாரம் படைத்த சிலரும் தோன்றினர்.

அவ்வதிகாரத்தால் 1966-இல் விளைந்த விபரீதம் ஒன்று கணிப்பொறி வரலாற்றில் புகழ்பெற்றது. அங்கே கோப்புகளைத் திருத்தும் நிரலானது, வேலை நடக்கும்போது தற்காலிகக் கோப்பு ஒன்றை ஒரே நிலையான பெயரில் எழுதிக்கொள்ளும். ஒரு கோப்பகத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே பணியாற்றலாம் என்ற விதி இருந்தவரையில் அதனால் தீங்கு நேரவில்லை. பின்னர் யந்திரத்தைப் பராமரிக்கும் நிபுணர்களின் வசதிக்காக, அவர்கள் மட்டும் பொதுக் கோப்பகத்தில் ஒருங்கே புகலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. ஒருநாள் ஒருவர் அன்றைய பொது அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்கையில் மற்றொருவர் கடவுச்சொற் பட்டியலைத் திருத்தினார். இரு தற்காலிகக் கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் யந்திரத்தினுள் நுழைந்த ஒவ்வொருவர் முன்னிலையிலும் பொது அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் அடுக்கடுக்காக அச்சாகி வந்தன! திருத்தும் நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைச் சூழ்ந்திருந்த ஏற்பாடு மாறியதால் அது கெட்டது. தனி அதிகாரம் உடையோர்க்கு அளித்த சலுகையிலேயே அக்கேடு ஒளிந்திருந்தது என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது. இச்செய்தியைக் கார்பட்டோவே பின்னாளில் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் எடுத்துரைத்தார்.

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இயக்க முறைமை, அதிகார விஷயத்தைச் சுருக்கமாக முடித்தது. பயனர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண். பூஜ்யம் என்ற எண் உடையவர்க்கு எத்தடையும் இல்லை. அவரை 'ரூட்', அதாவது வேர், என்று அழைத்தனர். லினக்ஸ் முதலிய இக்கால முறைமைகளும் இவ்வழக்கையே மரபுரிமையாகப் பெற்றன. மென்பொருளை நிறுவுவதும் நீக்குவதும் வேரின் வேலை. நிறுவியதைப் பயன்படுத்துவது ஏனையோர் உரிமை. சங்கக் காரியதரிசியிடம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் சாவியும், குடியிருப்போரிடம் தத்தம் வீட்டுச் சாவியும் இருப்பது போன்ற ஏற்பாடு என்று கொள்ளலாம்.

இவ்வாறிருக்க, சோதனை எங்கே நடைபெற்றது? நெடுங்காலம் அது பட்டறையிலேயே நடைபெற்றது. லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் மொழியின் முதற்பதிப்புடனேயே சிறு சிறு சோதனை நிரல்களும் சேர்ந்து வந்தன. ஒவ்வொன்றும் 'சரி ஒன்று, சரி இரண்டு' என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களை வரிசையாக அச்சிடும். எண் விட்டுப்போனால் பிழை. எளிமையில் இதை வெல்ல ஒன்றில்லை என்பது நம் கருத்து; அவ்வெளிமையாலேயே அம்முறை இன்றளவும் பிழைத்திருக்கிறது. ஆயினும் இத்தகைய சோதனைகள், மூலநிரலை வரவழைத்து, அதைக் கட்டி, கட்டிய இடத்திலேயே நடத்தப்படுவன. பொன் உருக்கும் இடத்தில் உரைத்துப் பார்ப்பது போன்றது அது. கடைவழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்த நகை அதே மாற்று உடையதுதானா என்ற வினாவுக்கு அதில் விடையில்லை.

பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையே தொலைவு மிகுந்ததற்குக் காரணம் 'பொதி' என்னும் ஏற்பாடு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், உலகெங்கும் பலர் எழுதிய மென்பொருள்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஒரு பொதியாகக் கட்டி, எந்தப் பொதிக்கு எது துணை என்று குறித்து விநியோகிக்கும் தன்னார்வலர் முயற்சியாகும். எழுதியவர் ஒருவர், கட்டியவர் மற்றொருவர், நிறுவுகிறவர் மூன்றாமவர், பயன்படுத்துவோர் நான்காமவர். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதேனும் கெடலாம். எழுதியவர் பட்டறையில் எல்லாம் சரியாயிருந்தும், பொதியில் ஒரு கோப்பு விடுபட்டிருக்கலாம். கோப்பு இருந்தும் அதைப் படிக்கும் அனுமதி சாதாரணப் பயனர்க்கு மறுக்கப்பட்டிருக்கலாம். துணைப்பொதி வேறு பதிப்பாயிருக்கலாம்.

பொதி கட்டும் நிலையில் புகுந்த பிழைக்கு மிகக் கொடிய உதாரணம் டெபியனிலேயே நிகழ்ந்தது. இணையப் பரிமாற்றங்களுக்கு மறைகுறிச் சாவிகளை உருவாக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற பொதியில், 2006-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் செய்யப்பட்டது. நிரல்களை ஆராயும் கருவியொன்று எச்சரிக்கை தந்ததால் சில வரிகள் நீக்கப்பட்டன. அவ்வரிகளோ, சாவிக்கு வேண்டிய தற்செயல் தன்மையைச் சேகரிப்பவை. அவை போனபின், ஒவ்வொரு வகைச் சாவிக்கும் சுமார் 32,000 வடிவங்களே எஞ்சின. நகரம் முழுதும் பூட்டுகள் விற்கும் ஒருவர், எண்ணி அடங்கும் சில சாவிகளையே மாற்றி மாற்றித் தந்துகொண்டிருந்தால் என்னவாகும்? குறியாக்கமும் குறிநீக்கமும் வழக்கம்போல் நடந்தன. பூட்டினால் பூட்டியது, திறந்தால் திறந்தது. 2008-ஆம் ஆண்டு மே மாதத்தில் லூசியானோ பெல்லோ என்ற டெபியன் ஊழியர் கண்டறிந்து வெளியிடும்வரை, ஏறத்தாழ இரண்டாண்டு அது உலகிற்குத் தெரியவில்லை. உலகெங்கும் கணிப்பொறிப் பராமரிப்பாளர்கள் தம் சாவிகளைக் களைந்து புதியன செய்துகொள்ள வேண்டியதாயிற்று. நிறுவிய பொதியினின்று பல யந்திரங்களில் சாவிகளை உருவாக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேரின் அதிகாரம் சிறிதும் வேண்டியதில்லை என்பதை இங்கே குறித்துவைப்போம். வாய்ப்பு எல்லார் கையிலும் இருந்தது, வழக்கம்தான் இல்லை.

அவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் இயன் ஜாக்ஸன் என்னும் ஆங்கிலேயர். டெபியனின் தொடக்ககால ஊழியர்களுள் ஒருவரான அவர், உபுண்டு முறைமையை வெளியிடும் கனானிக்கல் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது 2006-இல் 'ஆட்டோபிகேஜிடெஸ்ட்' என்ற கருவியை உருவாக்கினார். பெயர் வாயில் நுழையாது, கருத்து எளிது. பொதியைக் கட்டிய இடத்தை மறந்துவிடு. பொதியை உண்மையாகவே ஒரு யந்திரத்தில் நிறுவு. பயனர் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே அதைச் சோதி. பின்னர் ஸ்டெஃபனோ ஸாக்கிரோலி முதலியோரும் சேர்ந்து இதற்கொரு பொது விதிமுறை வகுத்தனர். டெபியன் மேம்பாட்டு முன்மொழிவுகளில் அது எட்டாவது.

அவ்விதிமுறையில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒரு சிறு குறிப்பு. ஒவ்வொரு பொதியும் தன் சோதனைகளை ஒரு பட்டியலில் அறிவிக்க வேண்டும். சோதனைக்கு வேரின் அதிகாரம் தேவையானால், 'வேர் வேண்டும்' என்னும் பொருள்பட ஒரு கட்டுப்பாட்டை வெளிப்படையாக எழுத வேண்டும். சோதனையால் யந்திரம் கெடக்கூடும் என்றால் அதற்கும் ஒரு குறி. தனி யந்திரமே வேண்டும் என்றால் அதற்கும் ஒன்று. இவ்வாறு எதுவும் எழுதாத சோதனை, சாதாரணப் பயனரின் அதிகாரத்தில் நடைபெறத் தக்கதாயிருத்தல் வேண்டும். அதாவது, அதிகாரமின்மையே பொதுவிதி, அதிகாரம் விலக்கு. கேட்பவர் காரணம் காட்டிக் கேட்க வேண்டும். சர்க்கார் அலுவலக நடைமுறையில் பழகிய நம் பெரியோர்க்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

வேரின் அதிகாரத்தோடு சோதித்தால் என்ன குறை என்று கேட்கலாம். முதற்குறை, ஆபத்து, தவறான ஒரு கட்டளை யந்திரம் முழுவதையும் அழித்துவிடும். அதைவிட நுட்பமான குறை ஒன்றுண்டு. வேருக்கு எக்கதவும் அடைபடுவதில்லை. ஆகையால் எக்கதவு தவறாக அடைபட்டிருக்கிறது என்பதை வேர் காண இயலாது. அனுமதி தவறிய கோப்பு அவருக்குத் திறக்கும். எழுதத் தகாத இடத்தில் அவர் எழுத முடியும். எல்லாம் சரி என்று அவர் சான்றிதழ் அளித்தபின், மறுநாட் காலை பள்ளி மாணவன் ஒருவன் தன் சாதாரணக் கணக்கில் நுழைந்து அதே நிரலை இயக்கினால், 'அனுமதி இல்லை' என்ற விடை வரும். கலெக்டருக்கு வழிவிட்ட வாயிற்காப்போனை வைத்து, அவ்வலுவலகத்தில் குடியானவனுக்கு எப்படி மரியாதை கிடைக்கும் என்று கணிப்பது எத்துணைப் பொருந்தும்?

இக்கொள்கையை வெகு கண்டிப்பாகக் கைக்கொண்ட மென்பொருள் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியினின்று வளர்ந்த போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளமே அது. அதன் சேவை நிரல் வேரின் பெயரில் இயங்க மறுத்துவிடும். வேராக நுழைந்தவர் சோதனை நடத்த முயன்றால் அது நடைபெறாது. சாதாரணப் பயனராக இறங்கி வந்தாலே நடைபெறும். மேலும் அதற்கு இருவகைச் சோதனை முறைகள் உள்ளன. ஒன்று, கட்டிய பட்டறையில் தற்காலிகமாக நிறுவிச் சோதிப்பது. மற்றொன்று, ஏற்கெனவே நிறுவப்பட்டு இயங்கிக்கொண்டிருக்கும் சேவையின்மீது அதே சோதனைகளை நடத்துவது. பின்னதற்குத் தரவுத்தளத்தினுள் நிர்வாகியின் உரிமை வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் யந்திரத்தின் சாவிக்கொத்து வேண்டியதில்லை.

அத்தரவுத்தளமே 2018-க்குப் பின் ஒரு விசித்திரமான பின்னடைவுக்கு ஆளாயிற்று. சொற்களை அகரவரிசைப்படுத்த அது லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகமாகிய ஜிலிப்ஸியை நம்பியிருந்தது. 2018 ஆகஸ்டில் அந்நூலகத்தின் 2.28-ஆம் பதிப்பு வெளிவந்தபோது, சர்வதேசத் தரத்தை ஒட்டி வரிசை விதிகள் புதுப்பிக்கப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆனால் தரவுத்தளங்களோ பழைய வரிசையில் சுட்டு அட்டவணைகளைக் கட்டி வைத்திருந்தன. டிக்ஷனரியின் பக்கங்கள் பழைய வரிசையிலும் தேடுபவர் கண் புதிய வரிசையிலும் இருந்தால் சொல் அகப்படுமா? ஏட்டில் பெயர் இருக்கும். தேடினால் 'இல்லை' என்ற விடை வரும். ஒருவர்க்கு இருமுறை பதிவாகவும் கூடும். இத்தகைய ஏட்டை நம்பி ஓய்வூதியமோ ரேஷனோ வழங்கப்படுமாயின் அதன் விளைவை நாம் விரிக்க வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் நிரலில் பிழையில்லை, ஜிலிப்ஸியிலும் பிழையென்று சொல்வதற்கில்லை; இரண்டும் ஒரே யந்திரத்தில் நிறுவப்பட்டபோதுதான் கேடு. 1966-இல் நிகழ்ந்ததன் தம்பிதான் இது.

இதைக் கண்டறியப் போஸ்ட்கிரெஸ் அன்பர்கள் பரப்பிய சோதனை, இரண்டே வரிகள் கொண்டது. 'ஒன்று, சிறுகோடு, ஒன்று' என்று ஒரு வரியும், 'பதினொன்று' என்பதை எண்ணால் மற்றொரு வரியும் எழுதி, அமெரிக்க ஆங்கில வரிசையில் அடுக்கச் சொல்ல வேண்டும். பழைய நூலகமாயின் பதினொன்று முன்னே வரும். புதியதாயின் சிறுகோடிட்டது முன்னே வரும். இவ்வளவுதான். டில்லியின் கதவிலக்கங்களில் சிறுகோடு எத்துணை மலிந்திருக்கிறது என்பதை அறிந்த நமக்கு இவ்வுதாரணம் சற்று உறுத்தவும் செய்யும். வேரின் அனுமதி, தனிச் சாதனம் எதுவுமின்றி, யந்திரத்தில் கணக்கு வைத்திருக்கும் கடைநிலை குமாஸ்தாவும் இச்சோதனையை அரை நிமிஷத்தில் நடத்தலாம். தரவுத்தளத்தை மேம்படுத்தும் முன்பு இதைச் செய்து பார்த்தவர் தப்பினர். செய்யாதவர் பின்னர் அட்டவணைகளை மீண்டும் கட்டினர்.

துணைப்பொதி மாறும்போதெல்லாம் அதை நம்பியிருக்கும் பொதிகளையும் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களால் வலுப்பெற்றது. பிரேஸில் நாட்டவரான அந்தோனியோ டெர்ஸெய்ரோவின் முயற்சியால் 2014-இல் டெபியன் தன் பொதிகளை இடையறாது சோதிக்கும் பொதுச்சேவையை நிறுவியது. 2018 முதல் அச்சோதனைகளின் முடிவு, ஒரு பொதி அடுத்த வெளியீட்டுக்குச் செல்வதைத் தாமதப்படுத்தவும் விரைவுபடுத்தவும் தொடங்கிற்று. ஒரு நூலகத்தைப் புதுப்பித்ததால் வேறொருவரின் பொதி பின்னடைந்தால், புதுப்பித்தது வாயிலிலேயே நிற்கும். இதனால் ஊழியர்களிடையே மனத்தாங்கல்கள் எழாமலில்லை. என் பொதியில் குற்றமில்லாதபோது நான் ஏன் காத்திருக்க வேண்டும் என்ற வாதம் கூட்டுக் குடும்பத்தில் எழுவதே. 2013-இல் க்னோம் என்னும் திரைமுகப்புத் திட்டத்தில் காலின் வால்டர்ஸ் என்பவர் இதையொத்த வேறொரு வழக்கத்தைப் புகுத்தினார். அங்கே சோதனைகளையே பொதியாக்கி, மென்பொருளோடு பயனர் யந்திரத்தில் நிறுவிவிடுகின்றனர். மூலநிரலைத் தேடிப் போக வேண்டியதில்லை. உரைகல் நகைப்பெட்டியிலேயே இருக்கிறது.

ஒரு தடை மிஞ்சியிருந்தது. பொதியை நிறுவிச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் நிறுவ வேண்டுமே. நிறுவுவதோ வேரின் உரிமை. சாதாரணப் பயனர் தன் மேசையில் இருந்தபடியே ஒரு புதிய பதிப்பை எப்படி நிறுவிப் பார்ப்பது? இதற்கு நெடுநாளாக இருந்த உபாயங்கள் இரண்டு. ஒன்று, யந்திரத்தினுள் யந்திரம் போல மற்றொரு முழுக் கணிப்பொறியைப் பாவனையாக இயக்குதல். இது மெதுவானது, நினைவகத்தை விழுங்குவது. மற்றொன்று, 'ஃபேக்ரூட்' என்ற வேடிக்கைக் கருவி. அது நிரலிடம் 'நீ வேர்தான்' என்று பொய் சொல்லி நம்பவைக்கும், ஆனால் மெய்யான அதிகாரம் எதையும் தராது. பொதி கட்டுவோர்க்கு அது பேருதவி; சோதனைக்கு ஓரளவே உதவும். 2013 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கருநிரலின் 3.8-ஆம் பதிப்பு மூன்றாம் வழியைத் திறந்தது. 'பயனர் பெயர்வெளி' என்ற அந்த ஏற்பாட்டில், சாதாரணப் பயனர் ஒருவர் தமக்கென்று ஒரு கூடாரத்தை அமைத்துக்கொள்ளலாம். கூடாரத்தினுள் அவர் வேர். பொதிகளை நிறுவலாம், நீக்கலாம், கெடுத்தும் பார்க்கலாம். வெளியே அவர் பழைய சாதாரணப் பயனரே. கூடாரத்தைப் பிரித்தால் தரையில் சுவடு இராது. ஆட்டோபிகேஜிடெஸ்ட் கருவியும் அண்மை ஆண்டுகளில் இவ்வழியில் இயங்கக் கற்றுக்கொண்டது.

இதையும் தயக்கமின்றி எல்லாரும் வரவேற்றனர் என்று எண்ணலாகாது. கூடாரத்தினுள் கிடைக்கும் வேரின் அதிகாரம், கருநிரலில் அதுவரை வேர் மட்டுமே தொட்ட பகுதிகளை எல்லார்க்கும் தொடக் காட்டிற்று. அங்கே மறைந்திருந்த பிழைகள் தாக்குவோர்க்குப் பயன்பட்டன. அதனால் டெபியன் இவ்வசதியைப் பல்லாண்டு பூட்டியே வைத்திருந்து, 2021-இல் வெளியான 11-ஆம் பதிப்பில்தான் இயல்பாகத் திறந்துவிட்டது. உபுண்டுவோ 2024-ஆம் ஆண்டின் பதிப்பில் எதிர்த்திசையில் சென்று, அனுமதி பெற்ற நிரல்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தியது. எது சரி என்று தீர்ப்பளிப்பது கடினம். பலர் கூடிப் பயன்படுத்தும் பல்கலைக்கழக யந்திரத்திற்கு உபுண்டுவின் எச்சரிக்கை பொருந்தும். சோதிப்பவரின் சொந்த மடிக்கணினிக்கு டெபியனின் தாராளமே நன்று என்பது நம் எண்ணம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையிலுள்ள ஸி-டாக் என்னும் மத்திய அரசின் கணிப்பொறி ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'பாஸ்' என்ற இயக்க முறைமை 2007-இல் வெளிவந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு வசதி செய்து தருவது அதன் நோக்கம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் நிறுவப்பட்டு ஊர் ஊராகச் சென்றது. கிராமத்து மாணவர்களின் மேசையை அடைந்த அந்த யந்திரத்தில், டெபியனின் பொதிகளே பெரும்பாலும் பெயர் மாறாமல் இருந்தன. எழுதியவர் கலிஃபோர்னியாவிலோ ஜெர்மனியிலோ, கட்டியவர் வேறெங்கோ, மறுபடி திரட்டியவர் தரமணியில், பயன்படுத்துவோர் திருவண்ணாமலைப் பக்கத்தில். கைமாற்றம் இத்துணை நீண்டபின், கடைசிக் கையில் சோதனை இல்லாவிடில் முதற்கையின் சோதனையால் ஆவது சிறிதே. விழுப்புரத்தில் 2023 ஜனவரியில் டெபியன் அன்பர்களின் மாநாடு ஒன்றும், அவ்வாண்டு செப்டம்பரில் கொச்சியில் உலக டெபியன் மாநாடும் கூடியதிலிருந்து, கடைசிக் கை இனி வாளாவிராது என்று நம்ப இடமுண்டு.

தமிழ் எழுத்துக்கே நேர்ந்த சோதனையொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் நம் எழுத்துகளை வடிவமைத்துக் காட்டும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் இன்று ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆஃபிஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆகிய யாவற்றிலும் பணியாற்றுகிறது. ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னே வருவதும், 'கொ' என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் அமர்வதும் அதன் பொறுப்பு. அதை எழுதிய பெஹ்தாத் எஸ்ஃபாபோத் ஈரானில் பிறந்தவர். தமிழ் அவர் தாய்மொழியன்று. 2012-ஆம் ஆண்டளவில் அவர் செய்த காரியம் வியக்கத் தக்கது. இந்திய மொழி விக்கிப்பீடியாக்களினின்று சொற்களைத் திரட்டி, ஒவ்வொன்றையும் தம் நூலகமும் மைக்ரோஸாஃப்டின் நூலகமும் எவ்வாறு வடிவமைக்கின்றன என்று ஒப்பிட்டார். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒவ்வொரு திருத்தத்திற்குப் பின்னும் அவ்வளவும் மீண்டும் உரைக்கப்பட்டன. புரூக்ஸ் 1975-இல் செலவு மிகுதி என்று கருதியது, நாற்பதாண்டுக்குள் ஒருவர் மேசையில் நடைபெறுவதாயிற்று.

ஆயினும் அதுவும் பட்டறைச் சோதனையே. நம் யந்திரத்தில் நிறுவப்பட்ட நூலகம், நிறுவப்பட்ட எழுத்துரு, நிறுவப்பட்ட தேடல் நிரல் ஆகிய மூன்றும் சேர்ந்து தமிழைச் சரியாக நடத்துகின்றனவா என்பது தனி வினா. 'கொ' என்பதன் உயிர்க்குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம்; ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். இரண்டும் சமமென்பது அத்தரத்தின் விதி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒருவிதமாக எழுதிய பெயரை மறுவிதமாகத் தேடினால் அகப்படாத நிரல்கள் உண்டு. 'கொளஞ்சி' என்ற பெயருடையவர் வாக்காளர் பட்டியலில் தம்மைத் தேடும்போது இது சிறு விஷயமாகத் தோன்றாது. இரு வடிவிலும் அப்பெயரை எழுதி, ஒன்றால் மற்றொன்றைத் தேடச் செய்வதற்கு ஆறேழு வரிகள் போதும். மயூர் விஹாரின் மாடிவீட்டில் அமர்ந்து, தம் மடிக்கணினியில், எவர் அனுமதியுமின்றி யாரும் அதை இயக்கிப் பார்க்கலாம். டெபியன் பொதியொன்றில் அச்சோதனையைச் சேர்க்க விரும்புவோர்க்கு வேண்டுவன இரண்டு சிறு கோப்புகள்: ஒன்று சோதனை, மற்றொன்று அதன் அறிவிப்பு. 'வேர் வேண்டும்' என்னும் குறிப்பு அவ்வறிவிப்பில் இடம்பெறத் தேவையில்லை.